லாங் ரேஞ்சுன்னா 50 மீட்டர்

"மச்சி, லாங் ரேஞ்ச் ரைபிள் ஒண்ணு வாங்கணும், எது நல்லது?"ன்னு ஆபீஸ்ல ஒரு நண்பன் கேட்டான். நான் ஏற்கனவே சூடு பட்ட பூனைங்கறது அவனுக்குத் தெரியாது. அவன்கிட்ட சொன்னதையே கொஞ்சம் விலாவாரியா இங்க எழுதி வைக்கிறேன். வேற யாருக்காவது ஆசை இருந்தா உதவும்.

மொதல்ல ஊர்ப் பெருமை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல இருக்கற புள்ளலூர்தான் நம்ம ஊரு. 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி ஹைதர் அலியும் திப்புவும் கும்பினிப் படையைப் பொளந்து கட்டின இடம். கும்பினியோட மஸ்கட் நூறு கெஜம் தாண்டினா குறியே இருக்காது. மைசூர்க்காரங்க விட்ட இரும்புக் குழாய் ராக்கெட்டோ அதைவிடப் பல மடங்கு தூரம் பறந்துச்சு. அதுல பட்டுதான் வெடிமருந்து வண்டிங்க வெடிச்சதுன்னு சொல்வாங்க. தளபதி பெய்லி சிறைப்பட்டு, 1782-ல ஸ்ரீரங்கப்பட்டணத்துலயே செத்தும் போனார். ஆக, லாங் ரேஞ்ச் எங்க ஊருக்குப் புதுசில்ல :-)

சரி, மேட்டருக்கு வருவோம். யூட்யூப்ல அமெரிக்காக்காரன் 1000 மீட்டர்ல சுடறதைப் பாத்துட்டு அதே மாதிரி இங்க தேடாதீங்க. தோட்டா போட்டுச் சுடறது எல்லாத்துக்கும் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேணும். சாதாரண ஆளுக்கு லைசென்ஸ் இல்லாம கிடைக்கறது ஏர் ரைபிள்தான். அதுவும் 2016 விதிகள்படி 0.177 அங்குலத்துக்கு (அதாவது 4.5 மிமீ), 20 ஜூலுக்கு மேல போகக்கூடாது. கொக்கு, நாரை மேலயெல்லாம் ஆசைப்படவே கூடாது. 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கு, கம்பி எண்ணணும். அட்டையும் தகர டப்பாவும்தான் நமக்கு.

அரை கிராம் ஈயக் குண்டு அது. 25 மீட்டருக்கு ஸ்கோப்பை சரி பண்ணி வச்சுட்டு 50 மீட்டர்ல சுட்டா கிட்டத்தட்ட நாலு விரக்கடை கீழ இறங்கிடும். பனை ஓலை சலசலத்தா பக்கவாட்டுலயும் போகும். ஒலிம்பிக்ல அபினவ் பிந்த்ரா 2008-ல தங்கம் வாங்கினது 10 மீட்டர்ல. அதுவே அவ்ளோ கஷ்டம். அதனால நமக்கு 50 மீட்டரே லாங் ரேஞ்ச்தான்.

மொத ரைபிளுக்கு, குழலை மடக்கி ஏத்தற ஸ்பிரிங் வகை போதும்னு நினைக்கிறேன். காத்தை அடைச்சு வைக்கிற பிசிபி வகை உதறாது, குறி அருமையா இருக்கும். ஆனா கைபம்ப்ல 200 பார் வரைக்கும் ஏத்தணும், ஜிம்முக்குத் தனியா போக வேணாம். ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காதீங்க, கோழிக்குஞ்சைப் பிடிக்கற மாதிரி லேசா பிடிச்சாதான் குறி நிக்கும். அது முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு தரம் உதறும். சாதா ஸ்கோப் உள்ளயே உடைஞ்சுடும் (ஒண்ணு போச்சு). ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்குன்னே செஞ்சதா, 10 மீட்டர் வரைக்கும் ஃபோகஸ் ஆகுமான்னு கேட்டு வாங்குங்க. குண்டுல தட்டை மூக்கு 10 மீட்டருக்கு, உருண்டை மூக்கு தூரத்துக்கு. நாலஞ்சு வகை வாங்கிச் சுட்டுப் பாருங்க. எந்தக் குண்டு பிடிக்கும்னு துப்பாக்கிதான் சொல்லும்.

இவ்ளோ ஆராய்ச்சி பண்ணின நான், குண்டு போய் எங்க நிக்கும்னு மட்டும் யோசிக்கல. பொட்டி பிரிச்ச அன்னிக்கே கொல்லையில கிணத்துச் சுவர் மேல அட்டையைச் சாய்ச்சு சுட ஆரம்பிச்சுட்டேன். எட்டாவதோ ஒம்பதாவதோ குண்டு. அட்டையைத் தாண்டி சிமெண்ட்ல பட்டுத் திரும்பி வந்துச்சு. என் பக்கத்துல குந்தியிருந்த அக்கா பையன் "மாமா"ன்னு கன்னத்தைப் பிடிச்சான். கையை எடுத்துப் பாத்தா கண்ணுக்குக் கீழ, ஒரு விரல் அகலம்கூட இல்ல, சின்னதா ரத்தம். அவனுக்கு ஏழு வயசு. அக்கா என்கிட்ட ஒரு வாரம் பேசல.

அப்பா திட்டவே இல்ல. துப்பாக்கியை வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டி, சாவியை இடுப்புல முடிஞ்சுக்கிட்டார். "டேய், ஆடு மேய்க்கறவனுக்குக்கூடத் தெரியும், எறியற கல்லு எங்க விழும்னு." அவ்ளோதான் சொன்னார்.

நான் ஸ்கோப்புக்குக் கொட்டின காசுல நூத்துல ஒரு பங்குகூட ஆகல, அதுக்கப்புறம் வாங்கின கண்ணாடி ரெண்டுக்கும் காலி சாக்குக்கும். போன ஞாயித்துக்கிழமை மண்ணு ரொப்பி, ஆள் உயரத்துக்கு ரெண்டு வரிசை அடுக்கினேன். அப்பா வந்தார், கைத்தடியால குத்திப் பாத்தார்.

"இன்னும் ரெண்டு வரிசை போடு"ன்னுட்டுப் போயிட்டார்.