பேசியவர்கள் பட்டியல்

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மெதுவாகப் பேச வராது. ஆனி, ஆடியில் கடியப்பட்டணம் கடல் போடுகிற இரைச்சலுக்கு மேலே குரல் எழும்பினால்தான் அடுத்த வீட்டுக்கே கேட்கும். வள்ளத்தில் நிற்கிற அப்பனைக் கரையிலிருந்து கூப்பிட்டுப் பழகிய தொண்டை, பென்சில் கடன் கேட்கும்போதும் அதே அளவில்தான் திறக்கும். நாகர்கோவில், தக்கலைப் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிற சார்மாருக்கு இது பிடிபடாது. "என்ன சாரே?" என்று சாதாரணமாகக் கேட்டாலும் எதிர்த்துப் பேசுகிறான் என்றே எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் கணக்கில் மொத்த வகுப்பும் அடங்காப்பிடாரிதான்.

ஆகவே தண்டனைக்குப் பஞ்சமே இல்லை. மேசை மேல் எப்போதும் ஒரு புளியங்கம்பு கிடக்கும். வீட்டுக்கணக்கு போடாதவனுக்கு உள்ளங்கையில், வாய்ப்பாடு மறந்தவனுக்குக் கெண்டைக்காலில். தோப்புக்கரணம், பெஞ்சு மேல் நிற்பது, தொடையில் நுள்ளு எல்லாம் தனிக்கணக்கு. கொடியது, மத்தியான வெயிலில் முற்றத்து மணலில் முட்டுப் போடுவதுதான். மணவாளக்குறிச்சி மணல் ஆலை பிரித்தெடுக்கிற இல்மனைட் கலந்த கருமணல் அது, சட்டென்று சூடேறிவிடும். எழும்பும்போது முட்டில் கறுப்புப் பொடி ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தே அம்மைக்கு விஷயம் தெரிந்துவிடும், வீட்டிலும் ரெண்டு விழும். "கண்ண மட்டும் விட்டுட்டு அடிச்சுத் திருத்துங்க சாரே" என்று சேர்க்கிற அன்றைக்கே ஒப்படைத்துவிட்டு வந்தவள்தானே அவள்.

சார் வெளியே போனால் லீடரின் ராஜ்யம். கரும்பலகை ஓரத்தில் கோடு கிழித்து, 'பேசியவர்கள்' என்று தலைப்பு எழுதுவான். பேர் ஏறிய பிறகும் பேசினால் பக்கத்தில் ஒரு 'மி'. மிகப் பேசினான் என்று அர்த்தம். அதற்கும் அடங்காவிட்டால் 'மி.மி.' கடலை மிட்டாயில் பாதி கைமாறினால் ஒரு 'மி' அழியும்.

பட்டியலில் முதல் பேர் என்றைக்கும் ஒருவனுடையதுதான். அவன் பிந்தி வருகிறவனும்கூட. கட்டுமரங்கள் கரையேறும் நேரமும் பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரமும் ஏறக்குறைய ஒன்று. மரத்தை மேலே ஏற்றக் கை கொடுத்தால் நாலு சாளையோ அயிலையோ கிடைக்கும். அதுதான் அன்றைக்கு வீட்டுக் கறி. அதைக் கொடுத்துவிட்டு அவன் வந்து சேரும்போது இரண்டாம் பாடம் ஓடிக்கொண்டிருக்கும். பெண்பிள்ளைகளுக்கு வேறு காரணம். அம்மை ஓலைக் கடவத்தில் மீன் சுமந்து மணவாளக்குறிச்சிக்குப் போய்விட்டால், கைப்பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டுமே. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். அடிக்குப் பயந்த பையன்கள் வாசல் வரைக்கும் வருவதில்லை. வள்ளியாறு கடலில் சேருகிற பொழிப் பக்கம் திரும்பிவிடுவார்கள். யாரை வகுப்பில் இருத்த வேண்டுமோ அவர்களைத்தான் கம்பு ஊர்சுற்ற விட்டது.

நான்காம் வகுப்புக்கு ஒரு டீச்சர் வந்தார். அவரும் பஸ்ஸில் வருகிறவர்தான். ஆனால் சாயங்காலம் மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடாமல் கடப்புறத்துக்கு வந்து நின்று, கரமடி இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடலில் வளைத்துப் போட்ட மடியின் இரண்டு கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் ஏற்றுச் சொல்ல, கால்கள் ஒன்றாகப் பின்னால் நகரும். யாரும் யாரையும் அதட்டுவதில்லை. பிந்தி இழுத்தால் கயிறே காட்டிக்கொடுத்துவிடும்.

சில நாளில் வாய்ப்பாடு மாறிப்போனது. வகுப்பு இரண்டு பக்கமானது. ஒரு பக்கம் "ஏழெட்டு?" என்று கேட்க, மறுபக்கம் "ஐம்பத்தாறு!" என்று முழங்கும். பக்கத்து வகுப்புச் சார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தொண்டை ஓயும்வரை கத்த விட்டபின், "இனி கைக்குத்தான் வேல, வாய்க்கு லீவு மக்களே" என்பார் டீச்சர். கத்தித் தீர்த்த பிள்ளைகள் சிலேட்டில் குனிந்துவிடும்.

பிந்தி வந்தவனிடம் விசாரணை கிடையாது. உள்ளே வந்து உட்கார வேண்டியது, விட்ட பாடத்தைப் பக்கத்திலிருப்பவன் சொல்லிக்கொடுக்க வேண்டியது. தம்பிமாருக்கு மூலையில் பாய் விரித்தார்.

பேசியவர்கள் பட்டியலை அவர் அழிக்கவில்லை. அதிலிருந்துதான் அன்றைக்குப் பாடம் வாசிக்க ஆள் எடுத்தார். 'மி.மி.' வாங்கியவனுக்கு முழுப் பக்கம். லீடரின் மிட்டாய் வருமானம் அத்தோடு போச்சு. "லே, என் பேரையும் எழுதுலே" என்று ஆள்கள் கெஞ்ச ஆரம்பித்தார்கள். அந்த முதல் பேர்க்காரன் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன். மானம் போகக் கூடாது என்று முந்தின நாளே வாசித்துப் பார்த்துவிட்டு வந்தான். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் தொடங்கி, தட்டுகளின் இரைச்சல் பள்ளிக்கூடத்தைத் தூக்கியபோது, வரிசையைப் பார்க்கிற பொறுப்பும் அவனுக்குத்தான் போனது. அந்தக் குரல் அன்றைக்கு எல்லோருக்கும் தேவைப்பட்டது.

தமிழ்நாடு கல்வி விதிகளைத் திருத்தி அரசு பிரம்படியை நிறுத்தியது 2003-ல். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடலை வருத்துவதோடு மனதைப் புண்படுத்துவதையும் தடுத்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. "கம்பையும் பிடுங்கிட்டா நாங்க எப்பிடி அடக்க?" என்று ஆசிரியர் நண்பர்கள் இன்றும் என்னிடம் குறைப்படுகிறார்கள். நாற்பது, ஐம்பது பிள்ளைகளோடு தனியாக நிற்கிறவரின் பாடு பெரும்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் டீச்சருக்கும் அதே கூட்டம்தான், அதே இரைச்சல்தான். அவருக்குக் கூடுதலாகத் தெரிந்திருந்தது ஒன்றே: மரம் எப்போது கரையேறும், யாருடைய அம்மை மீனோடு போயிருக்கிறாள் என்பது. அதைத் தெரிந்துகொள்ள அவர் விட்டது ஒரு பஸ்ஸைத்தான்.