லெஃப்ட் கார்னருக்கு ஏது ரீல்?

சித்தி மகன் ப்ளஸ் டூ முடித்திருக்கிறான். கபடியில் லெஃப்ட் கார்னர். விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் கேட்டு ஒரு கல்லூரிப் பயிற்சியாளரிடம் பேசியபோது, சர்டிபிகேட்டுக்கு முன்னால் அவர் கேட்டது இன்ஸ்டா லிங்க்.

"அண்ணே, வீடியோ கேக்காவ. என்னத்த அனுப்ப?"

தூத்துக்குடிப் பக்கம் ஊர்க் கொடைக்கு வைக்கிற போட்டிகள்கூட இப்போது யூடியூபில் நேரலையாக வந்துவிடுகின்றன. ராத்திரி முழுக்க ஓட்டி ஓட்டிப் பார்த்தோம். ஏழு பிடி தேறியது. இரண்டில் அவன் முதுகு மட்டும்தான் தெரிகிறது. கேமரா பாடிப் போகிறவன் பின்னாலேயே போகிறது. அவன் நாலு பேரை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டால், பாட்டுப் போட்டு ஸ்லோமோஷனில் ஒரு ரீல். கார்னரின் வேலையோ பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது. போனஸ் கோட்டுக்குக் கால் நீளுகிறதா என்று பார்த்து நிற்க வேண்டும். அவசரப்பட்டுக் கணுக்காலுக்குப் பாயாமல் இருக்க வேண்டும். 30 நொடிக்குள் ரைடர் வெறுங்கையோடு திரும்பினால் அது கார்னர் ஜெயித்த ரைடு. ஒன்றுமே நடக்காத அந்த 30 நொடியை யார் வெட்டி ஒட்டுவார்கள்?

ரீலை ஒரேயடியாகத் திட்டவும் மனசு வரவில்லை. முன்பெல்லாம் பி.டி. சாருக்கு வெளியூரில் நாலு பேரைத் தெரிந்திருந்தால்தான் பையனுக்கு வழி. சாரோடு சண்டை என்றால் அதோடு சரி. இன்று தாளமுத்து நகர்ப் பையன் யார் தயவும் இல்லாமல் கோயம்புத்தூர் வரை தெரிகிறான். அது சின்ன விஷயமில்லை.

ஆனால் 2019இல் மத்தியப் பிரதேசத்து ராமேஷ்வர் குர்ஜருக்கு நடந்ததும் நினைவுக்கு வருகிறது. 100 மீட்டரை 11 நொடியில், அதுவும் வெறுங்காலில் ஓடுகிறார் என்று வீடியோ பரவியது. விளையாட்டு அமைச்சரே கூப்பிட்டார். போபாலில் ஓடவிட்டபோது கடைசியாக வந்தார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. வீடியோவைப் பகிர்ந்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது 1961இல். சலாபத்துக்கு நாள் குறிக்கும் முன் அதிகாரிகள் பாரிலிருந்து ஆயிரக்கணக்கில் சிப்பி எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்கு மதிப்புப் போட்டுப் பார்ப்பார்கள். நல்ல முத்து, சொத்தை, வெறும் சிப்பி எல்லாம் அந்தக் கணக்கில் வரும். ரீலில் நல்ல முத்து மட்டும்தான் வருகிறது.

பயிற்சியாளர்கள் ஒன்று செய்யலாம். ஒரு முழு ஆட்டத்தைக் கேட்கலாம். 40 நிமிடம், வெட்டாமல். ட்ரயல்ஸ் வைக்க நேரமில்லாத கல்லூரிகூட அதை உட்கார்ந்து பார்த்துவிட முடியும். அதுவும் அதே யூடியூபில்தான் கிடக்கிறது.