மண்ணும் முகவரியும்

பரீட்சை விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, 'வீட்டு முகவரி' என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு நம்மை நிமிர்ந்து நோக்கினாள். மாத்தளை மலைச்சரிவிலுள்ள தோட்டமொன்றில் நான்கு தலைமுறையாக வாழும் குடும்பம் அவளுடையது. ஆயினும் அவர்களது லயத்து அறைக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கே வரும். அவள் தோட்டத்தின் பெயரை எழுதினாள். இம்மண் யாருடையது என்ற வினா அன்று முழுவதும் நம்மை விட்டகலவில்லை.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உரிமையை நிரூபிக்க இயலாத காடுகளையும் தரிசுகளையும் முடியின் சொத்தாகக் கொண்டது. சேனைப் பயிர் செய்த சிங்களக் கிராமத்தான் நிலமிழந்தான். அம்மலைகளிற் கோப்பி பயிரிடத் தமிழகத்து ஏழை மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்தான். வழியில் மாண்டோர் பலர். 1848இல் இங்கு மூண்ட கிளர்ச்சிக்கு உடனடிக் காரணம் புதிய வரிகள். நிலமிழந்தோரின் குமுறலும் அதனடியிற் கனன்றது. ஒருவனை நிலத்தினின்றும் பெயர்த்த அதே ஆட்சி, மற்றவனை நிலமின்றியே இங்கு நட்டது. இவ்விருவரும் ஒருவரையொருவர் பகைத்ததால் இலாபமடைந்தவர் யார்?

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. இடதுசாரிகள் பலர் மகிழ்ந்து வரவேற்றனர். ஆனால் பெயர்ப்பலகை மாறிற்றேயன்றித் துரையின் நாற்காலி மாறவில்லை. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் நாடற்றவனாக்கப்பட்ட தொழிலாளிக்குப் பகிர்ந்தளித்த நிலத்திற் பங்கு கிட்டவில்லை. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. நிலம் அரசினது; குத்தகை கம்பெனியினது; உழைப்பு மட்டுமே தொழிலாளியினது.

ஆகவே, உடைமை எவர் பெயரில் உள்ளது என்பது பாதிக் கேள்வியே. பயனைப் பங்கிடுபவர் யார், முடிவெடுப்பவர் யார் என்பது மறுபாதி. நோர்வேயிலும் நைஜீரியாவிலும் எண்ணெய்வளம் அரசுக்கே உரியது. நோர்வே 1990இல் சட்டமியற்றி, அவ்வருவாயை வருந்தலைமுறைக்கான பொதுநிதியாக்கியது. நைஜர் ஆற்று முகத்துவாரத்து மீனவனுக்கோ எண்ணெய் படிந்த நீரே எஞ்சிற்று.

தோட்டத்துக் குடும்பங்களுக்குத் தனிவீடும் 7 பேர்ச் நிலமும் வழங்கும் திட்டம் வந்துள்ளது. பெரும்பாலோர் இன்னும் லயங்களிலேயே உள்ளனர். வீட்டுக்கு உறுதி வேண்டும். தரிசாய்க் கிடக்கும் தோட்ட நிலத்தில் தொழிலாளியும் அயற்கிராமத்தானும் பயிரிட உரிமை வேண்டும். நிலம் பற்றிய முடிவுகளில் இருவர் குரலும் ஒலிக்க வேண்டும். இவற்றைச் சேர்ந்து கேட்டாலன்றி எவரும் தரப்போவதில்லை.

விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தோம். முகவரிக்குரிய இடத்தில் அவள் எழுதியிருந்தது அவளது வீட்டின் பெயரன்று. அவ்வீட்டின்மீது அதிகாரம் செலுத்தும் தோட்டத்தின் பெயர்.