அரம் சொன்ன பாடம்

எங்க அப்பாவுக்குக் கொல்லுப்பட்டறை. இரண்டாம் ஆண்டு விடுமுறையில், மெட்டலர்ஜி படித்த தெம்பில், "லாரி ஸ்பிரிங் பட்டை எதுக்குப்பா? பழைய அரத்துல அரிவாள் அடிப்போம்" என்றேன். ஸ்பிரிங் பட்டையில் கார்பன் சுமார் 0.6 சதவீதம், அரத்தில் 1 சதவீதத்துக்கும் மேல். கார்பன் கூடினால் கடினம் கூடும், கூர் நிற்கும். கணக்கு சரிதானே?

அடித்து, செக்கச்செவேலெனக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்தேன். "மறுபடி லேசா சூடு காட்டுடா" என்றார் அப்பா. "கூர் போயிடும்பா" என்று மறுத்துவிட்டேன்.

இளநீர் வெட்டும் அண்ணன் ஒருவர் அதை வாங்கிப் போனார். நாலாம் நாள் திரும்பி வந்தார். அரிவாள் வாயில் நகம் அளவுக்குப் பெயர்ந்திருந்தது. தெறித்த சில்லு அவர் புருவத்தைக் கீறியிருந்தது. கொஞ்சம் தவறியிருந்தால் கண்! அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பட்டையில் அடித்த அரிவாள் ஒன்றையும் சும்மா கொடுத்தனுப்பினார். அதுதான் எனக்கு வலித்தது.

தோய்த்த எஃகு மார்ட்டென்சைட். கண்ணாடி மாதிரி கடினம், கண்ணாடி மாதிரியே உடையும். டெம்பரிங் செய்தால் கடினம் கொஞ்சம் குறையும், அடி தாங்கும் தன்மை கூடும். பரீட்சையில் இதை எழுதி மார்க்கும் வாங்கியவன் நான்! அப்பாவிடம் தெர்மாமீட்டர் கிடையாது. தேய்த்த இரும்பில் ஏறும் நிறம்தான் கணக்கு. வைக்கோல் மஞ்சள் என்றால் சுமார் 230 டிகிரி, சவரக்கத்திக்கு. ஊதா என்றால் சுமார் 280, அரிவாளுக்கு.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா சொன்னது இவ்வளவுதான்: "மழுங்கினா தீட்டிக்கலாம்டா. தெறிச்சா என்ன பண்ணுவே?"