பூட்டும் அமானிதமும்



நாம் பாடம் நடத்தும் மத்ரஸாவுக்கு ஒரு சிறிய இணையதளம் உண்டு. சேர்க்கைப் படிவம், பாடத்திட்டம், தேர்வு முடிவுகள், தொழுகை நேரங்கள், தொடர்பு முகவரி என ஐந்து பக்கங்கள்தான். பழைய மாணவர் ஒருவர் 2017இல் அமைத்துக் கொடுத்தார். கணினியைத் தொடத் தெரிந்த உஸ்தாத் என்ற ஒரே தகுதியால் அதைப் பராமரிக்கும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது.

2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்தப் பொறுப்பில் நாம் தவறினோம். பிற மத்ரஸாக்களும் ஜமாஅத்துகளும் அதே தவறைச் செய்யாதிருக்கவே இதை எழுதுகிறோம்.

அரையாண்டுத் தேர்வு முடிவுகள் வெளியான நாள் அது. ளுஹர் தொழுகை முடிந்த சற்று நேரத்தில் ஒரு மாணவனின் தாயார் அழைத்தார்.

“ஹஜ்ரத், மகன் மார்க்கைப் பார்க்கப் போனா, உங்க தகவலை யாரோ திருடப் பார்க்கலாம்னு எச்சரிக்கை வருது. உள்ளே போகலாமா?”

வகுப்பு காத்திருந்தது. “ஒன்றுமில்லைம்மா, கீழே அட்வான்ஸ்டு என்றிருக்கும். அதை அழுத்தி உள்ளே போங்கள்” என்றோம். அஸருக்குள் ஒன்பது பெற்றோருக்கு இதே பதிலைச் சொல்லிவிட்டோம். மாலையில் அந்தத் தாயார் மீண்டும் அழைத்தார்.

“இனிமே அப்படி வந்தா எப்பவும் அழுத்திப் போயிடலாமா ஹஜ்ரத்? பேங்க் பக்கத்துல வந்தாலும்?”

அந்தக் கேள்விக்குப் பின்னரே நாம் செய்த காரியத்தின் கனம் நமக்கு உறைத்தது. ஆபத்தை அறிவிக்கும் எச்சரிக்கையை அலட்சியம் செய்யுமாறு, நம் சொல்லை நம்பும் ஒன்பது குடும்பங்களுக்கு நாமே பாடம் நடத்தியிருந்தோம்.

அந்த எச்சரிக்கை ஏன் வந்தது என்பதை விளங்கிக்கொள்ள, சான்றிதழ் என்றால் என்னவென்று அறிய வேண்டும். முகவரியின் தொடக்கத்தில் ‘எச்டிடிபி’ மட்டும் இருந்தால், படிவத்தில் பெற்றோர் எழுதும் பெயரும் தொலைபேசி எண்ணும் அஞ்சலட்டையில் எழுதியவை போலத் திறந்தபடியே பயணிக்கும். அதே வைஃபையில் இருப்பவரோ, வழியில் உள்ள வேறொருவரோ படிக்க முடியும்; மாற்றவும் முடியும். ‘எச்டிடிபிஎஸ்’ என்றிருந்தால் அவை மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்லும். ஆனால் மறையாக்கம் மட்டும் போதாது. மறுமுனையில் இருப்பது உண்மையில் அந்த முகவரிக்குரிய தளம்தானா என்பதும் தெரிய வேண்டும். அதற்குச் சாட்சி சொல்வதே சான்றிதழ்.

நபி (ஸல்) அவர்கள் ரோமர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையிடாத கடிதத்தை அவர்கள் படிக்கமாட்டார்கள் என்று கூறப்பட்டது. உடனே வெள்ளி மோதிரம் ஒன்றைச் செய்வித்து அதில் ‘முஹம்மது ரசூலுல்லாஹ்’ எனப் பொறிக்கச் செய்தார்கள். அதே பொறிப்பைப் பிறர் தம் மோதிரத்தில் இட்டுக்கொள்வதையும் தடுத்தார்கள். மாணவர்களுக்குப் பலமுறை சொல்லித் தந்த செய்திதான். ஒரு முத்திரையின் மதிப்பு அது ஒருவரிடம் மட்டுமே இருப்பதில்தான் உள்ளது என்பதைத் தளத்தின் ரகசியச் சாவியைக் கையாண்டபோதுதான் நாம் முழுமையாக உணர்ந்தோம்.

2018 ஜூலையில் குரோம் உலாவி, எச்டிடிபி தளங்கள் அனைத்தையும் ‘பாதுகாப்பற்றது’ எனக் குறிக்கத் தொடங்கியது. அப்போதுதான் நமது தளத்திற்கும் சான்றிதழ் பெற்றோம். ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ எனும் லாபநோக்கற்ற சேவை அதை 2015 முதல் இலவசமாகவே வழங்கி வருகிறது. முறையும் எளியது. நமது கணினியில் உள்ள ‘செர்ட்பாட்’ மென்பொருள் சான்றிதழ் கேட்கும். அவர்கள் ஒரு குறியீட்டைத் தந்து, தளத்தின் குறிப்பிட்ட இடத்தில் அதை வைக்கச் சொல்வார்கள். வைத்ததை வந்து படித்துப் பார்த்து, தளம் நம் கட்டுப்பாட்டில் உள்ளது என உறுதிசெய்து சான்றிதழ் தருவார்கள். ரகசியச் சாவி நம் கணினியை விட்டு வெளியே செல்வதில்லை. சான்றிதழின் ஆயுள் 90 நாள். 30 நாள் எஞ்சியிருக்கும்போது செர்ட்பாட் தானே புதுப்பித்துவிடும்.

ஏழாண்டுகள் அது ஒழுங்காக நடந்தது. பிறகு தளத்தை வேறு கணினிக்கு மாற்றியபோது, உதவிய தம்பி ஒருவர் பாதுகாப்பு கருதி 80ஆம் எண் போர்ட்டை அடைத்துவிட்டார். பாதுகாப்பான போக்குவரத்து 443 வழியாகச் செல்வதால் 80 தேவையில்லை என்பது அவர் எண்ணம். ஆனால் மேற்சொன்ன குறியீட்டைப் படிக்க அவர்கள் வருவது அந்த 80 வழியாகத்தான். புதுப்பிக்கும் முயற்சி நாள்தோறும் தோற்றது; பதிவேட்டில் அத்தனை தோல்வியும் எழுதப்பட்டிருந்தது. நாம் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. காலாவதி நெருங்கினால் மின்னஞ்சல் வரும் என்று நம்பியிருந்தோம். அந்த நினைவூட்டல்களை 2025 ஜூனில் நிறுத்துவதாக அவர்கள் முன்கூட்டியே அறிவித்திருந்ததையும் நாம் கவனிக்கவில்லை. தம்பியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பொறுப்பு நம்முடையது.

இஷாவுக்குப் பின் அவரும் நாமும் அமர்ந்தோம். போர்ட்டைத் திறந்து, சான்றிதழைப் புதுப்பிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் ஒன்பது பெற்றோரையும் அழைத்து, “நேற்று நாங்கள் சொன்னது தவறு. அப்படி எச்சரிக்கை வந்தால், எந்தத் தளமாக இருந்தாலும், எங்கள் தளமாகவே இருந்தாலும், உள்ளே போகாதீர்கள்” என்று சொன்னோம். சான்றிதழைப் புதுப்பிப்பதைவிட இது கடினமாக இருந்தது.

இணையதளம் வைத்திருக்கும் சகோதரர்களுக்குச் சில வேண்டுகோள்கள்:

முதலாவது, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை நம்பி இருந்துவிடாதீர்கள். ‘டிரை ரன்’ எனும் ஒத்திகையை, குறிப்பாகக் கணினியை மாற்றிய பின், ஓட்டிப் பாருங்கள். சான்றிதழ்களின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. 2029 மார்ச் முதல் அதிகபட்சமே 47 நாள்தான் என 2025இல் முடிவாகியுள்ளது. கையால் புதுப்பிப்பது இனி இயலாத காரியம்.

இரண்டாவது, காலாவதித் தேதியை இருவர் அறிந்திருக்கட்டும். நாம் அதை ஆசிரியர் அறை நாட்காட்டியில் எழுதி வைத்துள்ளோம்.

மூன்றாவது, பூட்டு வழியைத்தான் காக்கிறது; வந்து சேர்ந்ததைக் காப்பது நம் கையில். 2017 முதல் வந்த சேர்க்கை விண்ணப்பங்கள் யாவும் நமது தளத்திலேயே கிடந்ததை அந்த இரவில்தான் கண்டோம். தேவையற்றவற்றை அழித்துவிட்டோம்.

நான்காவது, நன்கொடை தருவோர் அறிய வேண்டியது: சான்றிதழ் முகவரிக்குச் சாட்சி சொல்கிறதே தவிர, அதை நடத்துபவரின் நாணயத்திற்கு அல்ல. மோசடித் தளமும் இதே சான்றிதழைப் பெற முடியும். முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்த பின்னரே பணம் அனுப்புங்கள்.

ஒரு பெற்றோர் தம் பிள்ளையின் பெயரையும் தம் எண்ணையும் நம்மிடம் தருவது அமானிதம். கையில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் அதைக் குறித்து நாம் விசாரிக்கப்படுவோம். நம் பொறுப்புகளை உரிய முறையில் நிறைவேற்ற அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.