மூச்சில் ஒட்டிய பொன்

அப்பா போனபின் அம்மா தஞ்சாவூர்ப் படம் எழுதுவதை விட்டுவிட்டாள். எடிசனில் எங்களோடு வந்து சேர்ந்த பிறகும் தூரிகையைத் தொடவில்லை.

ஒரு சனிக்கிழமை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். ஃப்ளாரன்ஸ் ஓவியர் பாச்சீனோ தி பொனாகுயிதா 1340 வாக்கில் தீட்டிய பக்திப் பாட்டுப் புத்தகத்தின் ஒற்றைத் தாள் அங்கே இருந்தது. புத்தகத்தை எப்போதோ பிரித்துவிட்டார்கள்; மற்ற தாள்கள் பல நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன.

சுண்ணப் பூச்சால் மேடு கட்டி, அதன்மேல் மூச்சுவிட்டு ஈரமாக்கி, தங்க ரேக்கை ஒட்டி, நாய்ப்பல்லால் மெருகேற்றுவது அக்காலத்து வழக்கம் என்றேன்.

“நம்ம மக்கு வேலைதான்டா இது.” அம்மா கண்ணாடிக்கு அருகே குனிந்தாள். “எங்கெங்கோ போயும் பொன் உதிரலையே!”

திரும்பும் ரயிலில் கேட்டாள்: “இங்கே நல்ல கோந்து எங்கேடா கிடைக்கும்?”