இளநீரும் பெப்சி ஐஸ் கவரும்

ராஜபாளையத்தில் தாத்தா வீட்டுக்குப் பின்னால் ஒரு சப்பட்டை மாமரம். போன வருஷம் தாத்தா இறந்துட்டார். இந்த வருஷம் அந்த இடத்தையும் வித்தாச்சு. "ஆடி முடியறதுக்குள்ள மரத்தை வெட்டிருவாங்கக்கா"ன்னு மாமா போன்ல சொன்னப்போ அம்மா எதுவும் பேசல. அடுப்பை அணைச்சுட்டு வாசல்ல போய் உட்கார்ந்துட்டாங்க.

கொட்டையைப் போட்டு வளர்க்கலாமேன்னு கேப்பீங்க. நம்ம ஊர் மா வகைகள் பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கையில் உருவான ஒரே கருவிலிருந்துதான் முளைக்கும். கன்னு தாய் மரம் மாதிரியே காய்க்கும்னு நம்ப முடியாது. அதே ருசி வேணும்னா ஒட்டுக்கட்டணும்.

நாரணாபுரத்துல எங்க மொட்டை மாடியில் 14 மாங்கொட்டை முளைச்சுச்சு. மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு யூடியூப்தான் வாத்தியார். 'இயற்கை வளர்ச்சி ஊக்கி'ன்னு ஒரு வீடியோ பார்த்துட்டு, ஒட்டுக்குச்சியை இளநீர்ல முக்கி 8 கன்னுல கட்டினேன். ரெண்டு வாரத்துல எட்டும் பூஞ்சை பிடிச்சுக் கருத்துப்போச்சு.

இளநீர்ல சத்து இருக்கிறது பொய்யில்லை. 1941-ல் வான் ஓவர்பீக் குழுவினர் ஊமத்தையின் இளங்கருவைத் தேங்காய்த் தண்ணியில வளர்த்துக் காட்டினாங்க. செல் பிரியத் தூண்டும் சைட்டோகைனின் அதுல இருக்கு. ஆனா அது கிருமி நீக்கின பாட்டிலுக்குள்ள நடந்தது. என் மாடியில் இளநீரோட சர்க்கரை பூஞ்சைக்குத்தான் விருந்து.

அப்புறம்தான் புரிஞ்சது, ஒட்டுக்குத் தேவையான ஊக்கி குச்சியோட மொட்டுலயே இருக்கு. அங்கே சுரக்கிற ஆக்சின் கீழே இறங்கி, வெட்டுப்பட்ட குழாய்களை மறுபடி இணைக்கத் தூண்டும். அதனால குச்சி வெட்டறதுக்கு 10 நாள் முன்னாடியே, காம்பை விட்டுட்டு இலையை மட்டும் கிள்ளிவிட்டா மொட்டு உப்பி வரும். மாமாகிட்ட அதைச் செய்யச் சொன்னேன். இதுதான் கடைசிக் குச்சி. மரத்துக்கு அதுக்குமேல நாள் இல்லை.

மீதி 6 கன்னு. புது பிளேடால குச்சியை ஆப்பு மாதிரி சீவி, கன்னைப் பிளந்து சொருகினேன். பட்டைக்குக் கீழே இருக்கிற கேம்பியம் ரெண்டுலயும் ஒட்டணும். என் கை நடுங்குச்சு.

"தள்ளு, நான் கட்டுறேன்"னாங்க அம்மா. பட்டாசு ஆலையில 20 வருஷமா சரம் பின்னுற கை. "லூசா இருந்தா அவுந்துரும், ரொம்ப இறுக்கினா நசுங்கிரும்"னு சொல்லிக்கிட்டே பிளாஸ்டிக் நாடாவைச் சுத்தினாங்க. எங்க ஊர் வெயில்ல குச்சி காயாம இருக்க, மேல பெப்சி ஐஸ் கவரை மாட்டி நிழல்ல வெச்சோம்.

மரத்தை வெட்டிட்டாங்க. அன்னைக்கு அம்மா வேலைக்குப் போகல.

நாலாவது வாரம் 4 கன்னுல செம்பு நிறத்துல தளிர் வந்துச்சு. இப்பல்லாம் அம்மா வேலை விட்டு வந்து, கைகால் கழுவினதும் முதல்ல மாடிக்குத்தான் போறாங்க. டீ அப்புறம்தான்.